பக்கத்து வீட்டுக்குப் பலகாரம், குடிலுக்குள் பாலன்: பினாங்கில் கிறிஸ்மஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வாரத் தயாரிப்பான திருவருகைக் காலம் நெருங்கினால், பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களிலும், பூசை முடிந்து ஆலய வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. தீவிலும் பெருநிலத்திலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் கத்தோலிக்கன், வழிபாட்டுச் சொற்கள் அந்தப் பக்கம் சாயும். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபையார் தங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளலாம்.

பல சமயத்தார் வாழும் ஊரில், இது இயேசுவின் பிறப்பு என்று அழுத்திப் பேசினால் மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?

பெரும்பாலும் இருக்காது. இந்தத் தயக்கம் நம்மிடம்தான் இருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் பக்கம் நடந்து பாருங்கள். ஒரு முனையில் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம். கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில். குவீன் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன். அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். எல்லாம் நடந்து போகிற தூரம்தான். அங்கே யாரும் தங்கள் வழிபாட்டைத் தணித்து, மற்றவருக்கு ஏற்றபடி நீர்த்துப் பேசுவதில்லை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வரும்போது சாலையோரம் சீனர்களும் தேங்காய் குவித்து வைத்து உடைக்கிறார்கள். அதைப் 'பண்பாட்டு ஊர்வலம்' என்று பெயர் மாற்றினால்தான் வருவோம் என்று அவர்கள் சொன்னதில்லையே.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவும் அப்படித்தான். ஜூலை 26ஐ ஒட்டிய நாள்களில் மெழுகுவர்த்தியோடு நிற்கும் கூட்டத்தில் இந்துக்களும் புத்த சமயத்தாரும் நிறைய இருப்பார்கள். அங்கே நடப்பது முழுக்க முழுக்கக் கத்தோலிக்க வழிபாடு. அது தெரிந்துதான் வருகிறார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் போல. அதிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில். தீபகற்பத்தில் நாம் சின்னக் கூட்டம், தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதைவிடச் சின்னக் கூட்டம். இந்த நிலையில் நாமே நம் பண்டிகையின் பொருளைச் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல மீதி இருப்பது கடைவீதி மட்டும்தான்.

'மெரி கிறிஸ்மஸ்' என்பதா, 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்பதா?

இது அமெரிக்கச் சண்டை, இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். நம் நாட்டில் ஒவ்வொரு பண்டிகைக்கும் அதன் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துகிறோம். செலாமட் ஹரி ராயா என்கிறோம், கோங் ஸி ஃபா சாய் என்கிறோம், தீபாவளி வாழ்த்து சொல்கிறோம். கிறிஸ்மஸ் மட்டும் ஏன் பெயரில்லாத விடுமுறை ஆக வேண்டும்?

ஒன்றை நினைவில் வையுங்கள். சில முஸ்லிம் நண்பர்கள் தங்கள் சமய வழிகாட்டுதல் காரணமாக இந்த வாழ்த்தைச் சொல்லத் தயங்குவார்கள். அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டுப் போனாலே அது வாழ்த்துதான்.

மால்களில் நவம்பரிலேயே மரமும் பனியும் வந்துவிடுகின்றன. இதோடு எப்படிப் போட்டி போடுவது?

போட்டி போட வேண்டாம். கெர்னி பக்கத்து மால்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மால்களின் நாட்காட்டி வேறு, நம்முடையது வேறு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

மாலின் கிறிஸ்மஸ் நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 25 இரவோடு முடிந்துவிடும். மறுநாளே சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்குக் கூடுகள் ஏறத் தொடங்கும். திருச்சபையின் கணக்கோ தலைகீழ். டிசம்பர் 25க்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் காத்திருப்புக்கு. பண்டிகை 24 மாலைதான் தொடங்குகிறது. ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை போகிறது.

இதிலிருந்து என் யோசனை: எல்லாச் சமயத்தாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பை 25க்கு முன்னால் வைக்காதீர்கள். டிசம்பர் 26க்கும், ஞானிகள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சி ஞாயிறுக்கும் நடுவில் ஒரு நாளில் வையுங்கள். கடைக்கூட்டம் குறைந்திருக்கும், விருந்தாளிகளும் நிதானமாக வருவார்கள். முக்கியமாக, 24 இரவு நீங்கள் திருப்பலியில் இருக்கும்போது மனம் அடுப்படியில் இருக்காது.

திருவருகைக் காலத்தில் வீட்டில் என்னதான் செய்வது? மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறதே.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கிறது. இருட்டு விலகுமுன் எழுந்து குளித்து, வாசலில் கோலம் போட்டு, கோயிலுக்குப் போய்த் திருவெம்பாவை பாடுகிறவர்கள் உங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, இருப்பார்கள். அதே டிசம்பர் 16 முதல் 24 வரை பிலிப்பினோ கத்தோலிக்கர்கள் விடியற்காலையில் ஒன்பது நாள் திருப்பலி காண்கிறார்கள். கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப சாமிகளுக்கு மண்டல விரதம் டிசம்பர் 26, 27 வாக்கில்தான் முடியும். 41 நாள் இறைச்சி இல்லை, மது இல்லை, வெறுங்கால் நடை. கிறிஸ்மஸ் வரும்போது நம் தெருவில் பாதிப் பேர் ஏதோ ஒரு நோன்பில் இருக்கிறார்கள். நாம்தான் டிசம்பர் முதல் தேதியிலிருந்தே கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

விரதம் இருக்கும் ஓர் இந்து நண்பரிடம், 'எங்களுக்கும் இப்போது தயாரிப்புக் காலம், வெள்ளிக்கிழமைகளில் நாங்களும் சைவம்' என்று சொல்லிப் பாருங்கள். அரை நொடியில் புரிந்துகொள்வார். மரமும் மின்விளக்கும் சொல்லாத ஒன்றை அது சொல்லிவிடும். நம் பண்டிகையில் ஒரு வேண்டுதல், ஓர் ஒழுங்கு, ஒரு காத்திருப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வந்தால் அதன் மேல் அவர் வைக்கும் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு மாலை மலர்வளையத்தில் அந்த வாரத்துக்கான மெழுகுவர்த்தி. மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு. அதோடு லூக்கா முதல் இரண்டு அதிகாரத்திலிருந்து ஒரு பகுதி. வாரத்தில் ஒரு நாள் ஒருசந்தி, அதாவது ஒருவேளை உணவு நோன்பு. கிறிஸ்மஸுக்கு முன் ஒரு பாவசங்கீர்த்தனம். போதும்.

குடிலை எப்படி வைத்தால் அலங்காரப் பொருளாகிவிடாமல் இருக்கும்?

கடையில் வாங்கிய முழு செட்டை ஒரே நாளில் வைத்துவிட்டால் அது அலங்காரப் பொருள்தான். கொஞ்சம் கொஞ்சமாக வளர விடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் செய்த ஒரு முறை இருக்கிறது. லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் முழுக் கேழ்வரகு கிடைக்கும். அதை ஓர் இரவு ஊறவைத்து வடித்து, ஆழமில்லாத தட்டில் ஈர மண் பரப்பி அதன் மேல் நெருக்கமாகத் தூவுங்கள். இரண்டு நாள் ஈரத் துணியால் மூடி வையுங்கள். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். ஊற்றக் கூடாது, அழுகிவிடும். டிசம்பர் 13, 14இல் தூவினால் 24க்குள் பெத்லகேம் வயல்வெளி தயார். தண்ணீர் தெளிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மலைக்குப் பழுப்புத் தாளைக் கசக்கிக் காப்பித் தண்ணீர் தெளித்துக் காயவிடலாம். வைக்கோலுக்கு லாலாங் புல் இருக்கவே இருக்கிறது.

பாலன் இயேசு சுரூபம் 24 இரவு வரை குடிலுக்குள் வரக் கூடாது. அதுவரை முன்னணை காலி. பார்க்க வருகிறவர்கள் 'பாப்பா எங்கே?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மறைக்கல்வி தானாக நடந்துவிடும். ஞானிகளை வீட்டின் மறுகோடியில், டிவி அலமாரி மேலோ புத்தக அடுக்கிலோ நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தித் திருக்காட்சி அன்று கொண்டுவந்து சேர்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் 1223இல் அசிசி பிரான்சிஸ் வைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. லூக்கா அந்த விலங்குகளைச் சொல்லவில்லை. ஏசாயா முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை அவை. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயுவும் எழுதவில்லை. காணிக்கை மூன்று, அவ்வளவுதான்.

டிசம்பர் 25 பைபிளில் இல்லை, அது சூரியப் பண்டிகை என்று வாட்சாப்பில் வருகிறதே?

தேதி பைபிளில் இல்லை என்பது உண்மை. உரோமையில் டிசம்பர் 25ஐக் கிறிஸ்துவின் பிறப்பாகக் குறிக்கும் பழைய சான்று 354ஆம் ஆண்டு நாட்காட்டியில் இருக்கிறது. வெல்ல முடியாத சூரியனுக்கு உரோமையர் எடுத்த விழாவுக்கு மாற்றாக வந்தது என்பது ஒரு கருத்து. மார்ச் 25இல் மரியாள் கருத்தரித்தார் என்று கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொரு கருத்து. அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாம் கொண்டாடுவது கடவுள் மனிதரானதை. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேதி தேவையில்லை.

கோலம், குத்துவிளக்கு, வாழையிலை எல்லாம் இந்து வழக்கம் ஆயிற்றே, கிறிஸ்மஸுக்கு வைக்கலாமா?

வைக்கலாம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனை பாடி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். வாசலில் நட்சத்திரக் கோலம் போடுங்கள், நடுவில் ஒரு சிலுவையோ முன்னணையோ வரையுங்கள். மேற்கத்திய மரமும் ஒரு காலத்தில் ஜெர்மானியர் வீட்டு வழக்கமாக இருந்து பரவியதுதான். அதை ஏற்றுக்கொண்ட நமக்குக் கோலம் என்ன பாவம் செய்தது?

திறந்த இல்ல உபசரிப்பில் என்ன பரிமாறுவது?

எல்லாரும் சாப்பிடுவதைச் சமைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாரும் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

முதலில் மாட்டிறைச்சியை விட்டுவிடுங்கள். இந்துக்கள் மட்டுமல்ல, குவான் யின் வழிபடும் சீனர்களில் பலரும் அதைத் தொடுவதில்லை. பன்றியிறைச்சி உங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் வழக்கம் என்றால் 25 மதியம் குடும்பத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். உபசரிப்பு அன்று வேண்டாம்.

முஸ்லிம் விருந்தாளிகளுக்கு ஹலால் கடையிலிருந்து தருவித்த உணவும் காகிதத் தட்டும் தனி மேசையில் இருக்கட்டும். எங்கே வாங்கியது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்தால் அவர்கள் கேட்கத் தேவையிருக்காது. நம் கண்ணுக்குத் தப்புவது பெரிய பண்டங்கள் அல்ல, சில்லறைச் சாமான்கள்தான்: பழக் கேக்கில் ஊறிய ரம், ஜெல்லியிலும் மார்ஷ்மெலோவிலும் உள்ள ஜெலட்டின், பாட்டி போட்ட இஞ்சி ஒயின். இவற்றைத் தனியாக வைத்து, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மாலை போட்ட சாமி வந்தால் தட்டை நீட்டி வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலும் வெளியே சமைத்ததைச் சாப்பிட மாட்டார். உரிக்காத வாழைப்பழம், வெட்டாத இளநீர், அவ்வளவுதான். அவருக்கென்று எடுத்து வைத்திருந்தீர்கள் என்பதே அவருக்குப் பெரிய மரியாதை. முறுக்கும் அச்சு முறுக்கும் அதிரசமும் எப்போதும் ஆபத்பாந்தவர்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த டப்பாவை நிரப்பித் திருப்பிக் கொடுக்கவும் அதுதான் நேரம்.

விருந்தாளிகள் முன்னால் செபம் சொல்லலாமா? துண்டுப் பிரசுரம் கொடுக்கலாமா?

செபம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சாப்பாட்டுக்கு முன் எழுந்து, 'எங்கள் வழக்கப்படி நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்' என்று ஒரு வரி. பிறகு ஒரு நிமிடத்துக்கு மேற்படாத செபம், கடவுள் மனிதராகப் பிறந்ததற்கு நன்றி என்று நேரடியாக. மற்றவர்களைக் கைகூப்பச் சொல்லாதீர்கள். அவர்களாகவே அமைதியாக நிற்பார்கள். உங்களுடைய வீடு, உங்களுடைய பண்டிகை; அதில் செபம் இல்லாமலிருந்தால்தான் அவர்களுக்கு விநோதமாகப் படும்.

பிரசுரம் வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், விருந்துக்கு அழைத்துவிட்டு வேறு நோக்கம் வைத்திருப்பது நம் ஊர் மரியாதையும் இல்லை. யாராவது குடிலைக் காட்டிக் கேட்டால் கதையைச் சொல்லுங்கள். கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும்.

முஸ்லிம் நண்பருக்குக் கதை ஓரளவு தெரிந்தே இருக்கும். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். ஈசா நபியின் பிறப்பு அதில் பேரீச்ச மரத்தடியில் நிகழ்கிறது. இறைமகன் என்ற இடத்தில் அவர்கள் நம்மிடமிருந்து பிரிகிறார்கள். 'அதெல்லாம் ஒன்றுதான்' என்று மழுப்பாமல், வித்தியாசம் இருக்கிறது என்பதை இரு பக்கமும் ஒத்துக்கொண்டு பேசுவதுதான் நாகரிகம்.

இந்துத் தோழி நள்ளிரவுத் திருப்பலிக்கு வர ஆசைப்படுகிறாள். அழைத்து வரலாமா?

தாராளமாக. நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் நிற்கும்போது காதில் கிசுகிசுக்க வேண்டாம். அந்த நேரம் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்து முன்னால் வந்து ஆசீர் பெறலாம். பினாங்கு சாலைப் புனித சவேரியார் ஆலயம் போலத் தமிழ் வழிபாடு வேரூன்றிய இடமானால் அவளுக்குப் பாட்டும் மறையுரையும் புரியும்.

முஸ்லிம் நண்பர்களை ஆலயத்துக்கு அழைத்துத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு அழையுங்கள்.

கணவர் இந்து, நான் கிறிஸ்தவள். பூசை மாடத்திலேயே குடிலை வைத்துவிடலாமா?

குடும்ப அமைதிக்காகப் பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. முருகன், பிள்ளையார் வரிசையில் பாலனையும் சேர்த்துவிட்டால் இரண்டு நம்பிக்கைக்கும் நியாயம் செய்யவில்லை. குடிலுக்குத் தனி இடம் கொடுங்கள், சின்ன முக்காலி போதும். அதே மரியாதையை அவருடைய மாடத்துக்கும் கொடுங்கள். கார்த்திகை தீபத்தன்று விளக்குக்குத் திரி திரித்துக் கொடுத்தால் உங்கள் விசுவாசம் கரைந்துவிடாது. 24 இரவு உங்களை ஆலயத்துக்குக் கொண்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் கணவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் 'எல்லாச் சாமியும் ஒன்று' என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அப்பா இப்படிக் கும்பிடுகிறார், அம்மா இப்படிச் செபிக்கிறேன், காரணம் இது என்று சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது புரியும்.

கிறிஸ்மஸ் தாத்தா?

இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைய துருக்கியில் உள்ள மீராவின் ஆயர் புனித நிக்கோலாஸ்தான் அவருக்கு மூலம். திருநாள் டிசம்பர் 6. அன்றைக்கே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து ஆயரின் கதையைச் சொல்லிவிட்டால், 25ஆம் தேதி குழந்தை இயேசுவுக்கு மட்டும் மிச்சமாகும்.

கொண்டோவில் கேரல் பாட வந்தால் புகார் வருமா?

முன்கூட்டிச் சொல்லாமல் போனால் வரும். குடியிருப்பு நிர்வாகத்திடம் ஒரு வாரத்துக்கு முன்பே தேதியும் நேரமும் கொடுங்கள். டிசம்பரில் முஸ்லிம்களின் மாலைத் தொழுகையான மக்ரிப் ஏழு மணியை ஒட்டி வரும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். டிரம்ஸ் வேண்டாம், கிட்டார் போதும். பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். அழைத்த வீட்டுக்கு மட்டும் போங்கள். கதவைத் திறந்து வைத்துக் கேட்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பாட்டு பாடலாம். தமிழ்ப் பாட்டாக இருந்தால் இந்து வீட்டுப் பாட்டிமார் தாளம் போடுவார்கள்.

24 இரவு எனக்கு ஷிப்ட். திருப்பலி போய்விடுமே?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்கிறவர்கள் வருடாவருடம் கேட்பது. கிறிஸ்மஸுக்கு நான்கு திருப்பலிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன: 24 மாலை, நள்ளிரவு, விடியல், பகல். எதில் பங்கெடுத்தாலும் திருப்பலிக் கடமை நிறைவேறும். உங்கள் பங்கில் எந்தெந்த நேரம், அதில் தமிழ் எது என்பதை டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகல் திருப்பலியில் யோவான் நற்செய்தியின் தொடக்கம் வாசிக்கப்படும். குடில், இடையர் எதுவும் அதில் வராது. கடவுள் மனிதரானார் என்பது மட்டும் வரும். நள்ளிரவைப் போல நெரிசல் இருக்காது, கார் நிறுத்தவும் இடம் கிடைக்கும்.